நாற்பது கட்டையில் ஒரு குரல்

இன்று காலை சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்தபோது உன் வீட்டிலிருந்து ஈயம் பற்றவைக்கிற வாடை வந்தது. புதிதாகக் குடிவந்தவர் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈயத்தோடு உருகும் அந்தப் பசைக்கும் என் தட்டில் புகையும் சாம்பிராணிக்கும் ஏறக்குறைய ஒரே வாசனை. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் நீதான். "உன் சாமிக்கும் என் சாமிக்கும் ஒரே பொகதான் சாமிம்மா" என்பாய். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. பங்குனியில் நீ போனாய். அதற்குப் பிறகு வந்த நவராத்திரியும் முடிந்துவிட்டது. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மண்ணூர்பேட்டையில் இந்த அடுக்குமாடிக்கு நாங்கள் வந்த முதல் வாரம் உனக்கு நினைவிருக்கும். எதிர் வீட்டில் ஏதோ ஒன்று அழுதது. ஆடா, குழந்தையா, மோட்டாரா என்று தெரியவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். கையில் திருப்புளியோடு வந்து நின்றாய்.

"இன்னா மா, சத்தம் ஜாஸ்தியா கீதா?"

"ஏதாவது ரிப்பேரா?"

"ரிப்பேரு இல்ல. பாட்டு."

"இதுவா?"

நீ சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில் ஈயம் வைக்கிற வேலை உனக்கு. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். குழந்தைகள் வாசிக்கும் பொம்மைக் கீபோர்டு, காயலான் கடையில் எடைக்குப் போட்ட பழைய சிந்தசைசர் எதையும் விடமாட்டாய். முதுகைத் திறந்து, எச்சில் தொட்ட விரலால் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பாய். எங்கே தொட்டால் அது இதுவரை போடாத சத்தம் போடுகிறதோ அங்கே ஒரு ஸ்விட்சை வைத்துப் பற்றவைப்பாய். "தப்பான எடத்துல தொட்டாதான் புதுசா எதுனா வரும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கச்சேரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நான் மனதுக்குள் கவசம் சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரத்தைத் தள்ளினேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய்.

"எப்டி இருந்துச்சு?"

"தலை வலிக்குது."

"அது போதும். கேட்டுட்டு ஒண்ணுமே ஆவலன்னாதான் கஷ்டம்."

இப்படியெல்லாம் பேசிய உன் தொண்டைக்குத்தான் அது வந்தது. முதலில் குரல் கம்மியது. பிறகு கரகரத்தது. ஈயப் புகையினாலா என்று நீ கேட்டாய். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை வழியாகத்தான் மூச்சு, இனிமேல் பேச்சு வராது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். நீ அழவில்லை. ஆட்டோவில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "அம்மாக்கு கண்ணு தெரியாது சாமிம்மா."

அது எனக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரை நோய் உன் அம்மாவின் இரண்டு கண்களையும் கொண்டுபோய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நீ எழுதிக் காட்டினால் அம்மாவால் படிக்க முடியாது. வாயைத் திறந்தால் கேட்காது. ஒரே அறையில் இருந்துகொண்டு அம்மாவுக்கு நீ இல்லாமல் போய்விடுவாய். நாம் தட்டுகிற எழுத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். அதிலிருந்து வழவழவென்று ஒரு பெண் குரல், "அம்மா, சாப்பிட வாங்க" என்றது. அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"யாருடி இவ? டேசன்ல ரயிலு வருதுன்னு சொல்றவளா? அவ எதுக்கு என் ஊட்டுக்கு வந்து என்ன சாப்புட கூப்புடறா?"

நீ சிரித்தாய். அன்றைக்கே அலமாரி மேலிருந்து ஒரு பழைய சாம்ப்ளரை இறக்கினாய். பார்வைக்குக் கீபோர்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அதற்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. மைக்கில் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டையை அமுக்கினால் அதைத் திருப்பிச் சொல்லும். கட்டைக்கு ஒரு வார்த்தையாக உன் குரலையே அதில் வைத்துவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு விரலால் பேசலாம். போனில் பதிந்து வைக்கலாமே என்றதற்கு, அதில் தேடி எடுப்பதற்குள் அம்மா தூங்கிவிடுவார்கள் என்றாய். நேரம்தான் குறைவு. தரத்தைக் குறைத்து வைத்தும் மொத்தம் நாற்பத்து நான்கு செகண்டு. நாற்பது ஒலிக்கு மேல் அது ஏற்காது. "கொரலு கொஞ்சம் சொரசொரன்னு வரும். ஆனா நான்தான்னு தெரியும்" என்றாய்.

பால் கணக்கு, கேஸ் கணக்கு, விரதக் கணக்கு என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள் என்பதால் இந்தக் கணக்கையும் என்னிடம் கொடுத்தாய். எத்தனையாவது கட்டை, என்ன வார்த்தை, எத்தனை செகண்டு, மீதி எவ்வளவு என்று பத்தி பிரித்துக் கோடு போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு நானாகக் கற்றுக்கொண்ட கணக்கெல்லாம் இதற்குத்தானோ என்று ஒரு பெருமை கூட இருந்தது. ஒரு மனுஷி மிச்ச வாழ்நாளைக்குப் பேச வேண்டியதை நாற்பதுக்குள் அடக்குவது எத்தனை கஷ்டம் என்று அந்த நாலு நாளில் தெரிந்தது. அம்மா. வா. துன்னு. தூங்கு. ஆமா. வேணா. வலிக்குது. மாத்திர போட்டியா. இங்கதான் கீறேன். இந்தக் கடைசி ஒன்றை நாலு தடவை திரும்பப் பதிந்தாய். குரல் கம்மாமல் வரும்வரை விடவில்லை.

சிரிப்புக்கு இரண்டு செகண்டு வேண்டும் என்றாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்த எடத்துல மூணு வார்த்தை வைக்கலாம்."

"சிரிக்காம எப்டி பேசறது சாமிம்மா? அப்ப நீயும் ரயிலுகாரிதான்."

சிரிப்பு ஏறியது. அம்மாவைத் திட்ட ஒரு "கஸ்மாலம்" ஏறியது. கடைசிக் கட்டையில், "நீ கோயில்லயே கெடந்தா உன்ன எப்டி கூப்புடறது?" என்று "சாமிம்மா"வை வைத்தாய். மீதி என்ற பத்தியில் நான் பூஜ்யம் போட்டேன்.

அந்தப் பெட்டியின் ஞாபகம் கரண்ட் இருக்கும்வரைதான். நிரந்தரமாக எடுத்து வைக்க ஃப்ளாப்பி வேண்டும். அதைப் போடுகிற இடம் எலி கடித்துக் கெட்டுக் கிடந்தது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கரண்ட் போனாலும் அணையாதபடி பெட்டியைப் பேட்டரியோடு சேர்த்து வைத்தாய். நவராத்திரி கழித்துப் போகலாமே என்று டாக்டரிடம் கேட்டாய். தள்ளக் கூடாது என்றார். அம்மாவை முத்தாபுதுப்பேட்டையில் உன் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தாய். "ஒயர மட்டும் புடுங்கிடாத."

நான் ஒயரைப் பிடுங்கவில்லை.

ஆயுத பூஜையன்று வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். மிக்சி, தையல் மெஷின், அரிவாள்மனை, புத்தகங்கள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, மறுநாள் வரை தொடமாட்டோம். உனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லாததால் உன் வீட்டிலும் வருஷா வருஷம் நான்தான் செய்வேன். அன்று உன் சாமான்களில் எனக்கு அந்தப் பெட்டிதான் முதல். ஈரத்துணியால் துடைக்க வேண்டுமே என்று, மிக்சிக்குச் செய்வது போலவே, பின்பக்கம் கைவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். ஒயர் இருந்த இடத்தில் இருந்தது. பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்தது. போனை அணைத்து வைத்தால் அதிலிருக்கும் படம் அழிகிறதா என்ன? இதுவும் தூங்கி எழும் என்றுதான் நினைத்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பொரியும் பழமும் படைத்து, இவள் குரலைக் காப்பாற்று தாயே என்று அந்தப் பெட்டியின் முன்னாலேயே விழுந்து கும்பிட்டேன்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன். முதல் கட்டையை அமுக்கினேன். அம்மா என்று வரவில்லை. நாற்பதையும் அமுக்கினேன். நாற்பத்து நான்கு செகண்டும் காலியாக இருக்கிறது என்று அந்தச் சின்னத் திரை காட்டியது.

அதற்கு இரண்டு நாள் முன்பே உனக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

என் போனை முழுக்கத் தேடினேன். எதிரெதிர் வீட்டில் இருந்தவர்களுக்குள் போனில் பேச என்ன இருந்திருக்கும்? ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. "சாமிம்மா, கதவத் தொற." அம்மாவிடம் பேச உதவாத வார்த்தைகள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் சிலேட்டை எடுத்து, "பெட்டி ஓடுதா?" என்று எழுதினாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அப்படி நிம்மதியாக நீ தூங்கியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் போனது. வீட்டுக்குக் கூட்டி வந்த ஆட்டோவில்கூடச் சொல்லலாம் என்று இருந்தேன். டன்லப் ஸ்டாப் வந்தது, எஸ்டேட் வந்தது, நம் தெரு வந்துவிட்டது.

அம்மாவைச் சின்னம்மா முன்னாலேயே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் முகம் திரும்பியது. "வந்துட்டியாடி? எங்க, பேசு பாக்கலாம். அந்தப் பொட்டில பேசுவேன்னியே."

நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் முதல் கட்டையை அமுக்கினாய். சத்தத்தைக் கூட்டினாய். இரண்டாவது, மூன்றாவது. பிறகு கை நின்றது. பெட்டியின் நெற்றியில் காய்ந்துபோயிருந்த குங்குமத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் ஃப்ளாஸ்க்கை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"இன்னாடி, அம்மாகிட்ட பேசறதுக்கு இவ்ளோ நேரமா?"

நீ சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாய். திட்டி எழுதியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். "கரண்ட் போச்சுன்னு அம்மாட்ட சொல்லு" என்று இருந்தது.

சொன்னேன். "கரண்ட்டு போயிடுச்சும்மா. ரொம்ப நேரம் வரல. உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிடுச்சு." அம்மா கையை நீட்டி உன் முகத்தைத் தேடினார்கள். கழுத்தருகே வந்ததும் நீ அந்தக் கையைப் பிடித்து மேலே கன்னத்துக்குக் கொண்டுபோனாய்.

அதைப் பற்றி நீ மறுபடி எழுதவே இல்லை. ஒரு வாரம் கழித்து, பொம்மைக் கீபோர்டு ஒன்றைப் பிரித்து நாலு பொத்தான் வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்தாய். கீச்சென்றால் சாப்பாடு, இரண்டு கீச்சென்றால் மாத்திரை, உறுமினால் வலி, இழுத்தால் பக்கத்தில்தான் இருக்கிறேன். அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். "எனக்கு வாச்சது பொண்ணு இல்ல சாமிம்மா, ஆட்டோ ஆரன்" என்பார்கள். சத்தமில்லாத சிரிப்பில் உன் தோள் மட்டும் குலுங்கும். தை பிறந்ததும் உறுமல் கூடியது. மாசியில் அதைத் தவிர வேறு பொத்தானை நீ தொடவில்லை. நான் தினமும் வந்தேன், கஞ்சி கொடுத்தேன், கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்தேன். கரண்ட் போகவில்லை, அது என் கை என்று ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்பதால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு. தெரிந்தவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. ஆகவே இப்போது சொல்கிறேன். நான்தான் அணைத்தேன். ஆஸ்பத்திரியில் பொய்யாகத் தலையாட்டினேன். என்னை மன்னித்துவிடு.

அம்மா இப்போது சின்னம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் முத்தாபுதுப்பேட்டைக்குப் போகிறேன். இன்றும் போக வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்து, நகம் வெட்டிவிட்டு வருவேன். நகம் வெட்டும்போதுதான் உன் பேச்சு வரும். என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

"அன்னிக்கி கரண்ட்ட நிறுத்தினான் பாரு சாமிம்மா, அவன் கை வெளங்குமா? எம் பொண்ணு கொரல அணைச்ச கை அது. புழு வெச்சி அழுவிப் போவணும்."

"விடுக்கா, செத்தவ வரப்போறாளா?" என்று சின்னம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள்.

நான் "ஆமாம்மா" என்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தச் சாபம் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகும். ஆனால் அப்புறம் அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள வாரம் ஒரு நாள் வரும் இந்தக் கை இருக்காது. நீ என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னாயா, அம்மாவுக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கோயிலில் நின்று கேட்டுப் பார்த்தேன்.

அம்மா திட்டி முடிக்கும்வரை என் கையை விடுவதில்லை. நானும் இழுத்துக்கொள்வதில்லை.