வருஷத்துப் பாட்டு

அக்கா,

நேற்றுக் கடைவீதியில் ரேடியோ கடைக்காரர் ஒரு புது லாங்ப்ளே இசைத்தட்டை உறையிலிருந்து உருவிக் காட்டினார். பழைய தட்டுகளின் அரக்கு வாசனை அதில் இல்லை. புது மழைக்கோட்டைப் பிரித்தது போல ஒரு வாசனை. "ஒரு படத்துப் பாட்டு பூராவும் இதுக்குள்ளேயே இருக்கும்மா. நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சு மாத்தவே வேண்டாம்" என்றார். எழுந்திருக்காமல் எப்படிப் பாட்டுக் கேட்பது என்று உங்களிடம் சொல்ல இடது பக்கம் திரும்பினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இடது காதில் கருவியை மாட்டி மாட்டி, வலது காதுதான் தேவலாம் என்று எப்போதும் என் இடப்பக்கம் வந்து நிற்பீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்தில் சைக்கிள்கள்தான் போய்க்கொண்டிருந்தன. ஐப்பசி மழையில் உங்களுக்கு வாய்க்கரிசி போட்டு வழியனுப்பி வைத்தது என் அறிவுக்குத் தெரிகிறது. கழுத்துக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

சேவுகம்பட்டியிலிருந்து கல்யாணமாகி நான் திண்டுக்கல் வந்த புதிது. நம் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடங்கள் வரிசையில் நிற்கும், நாம் சுவரோரம் நிற்போம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம், திரும்பாவிட்டால் சுருட்டுக் கிட்டங்கியின் புகையிலை நெடி. அன்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்தப் பாட்டு ஒனக்குப் புடிக்குமா?"

திரும்பினால் நீங்கள். கைக்கடிகாரம் கட்டிய பெண்ணை அந்தத் தெருவில் அப்போதுதான் பார்க்கிறேன்.

"புடிக்குங்க்கா. நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும்னா, எந்த எடத்துல?"

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெஞ்சனத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பார்கள். ஊரிலிருந்து ஆள் வந்ததா என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்தது ஏன் பிடித்தது என்று கேட்க ஓர் ஆள் இருப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அன்று முழுக்க அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். "பல்லவிக்குத் திரும்பி வரும்போது செத்த நேரம் சும்மா இருக்காங்கள்ல, அந்த எடம்க்கா" என்றேன். நீங்கள் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து அதே பாட்டைப் போட்டீர்கள். அந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். நமக்குள் சிநேகம் அங்கேதான் தொடங்கியது.

அந்த மார்கழியிலேயே நம் கூட்டமும் தொடங்கிவிட்டது. நீங்கள், நான், தையல் மிஷின் வைத்திருந்த சகாயம், பேகம்பூரிலிருந்து வரும் ஜைத்தூன். மார்கழியில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஆண்கள் சாப்பிட்டு வெளியே போன பிறகு, உங்கள் வீட்டு நடு அறையில் கூடுவோம். அந்த வருஷம் வந்த இசைத்தட்டுகளில் ஆளுக்கு ஒன்றுதான். சொந்தமோ இரவலோ, கொண்டுவந்து போட்டு, ஏன் இதுதான் சிறந்தது என்று சொல்லியாக வேண்டும். "யாரு நடிச்சாங்க, படம் எத்தன நாளு ஓடுச்சு, அதெல்லாம் செருப்போட சேத்து வெளிய விட்டுட்டு வாங்க" என்பது உங்கள் சட்டம். வருஷத்துப் பாட்டு என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தது ஜைத்தூன்.

தட்டுகளைக் கொண்டுவருவது அண்ணனின் வேலை. நத்தம் வழியாக மதுரை போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார் உங்கள் வீட்டுக்காரர். கீழே போட்டால் அப்பளமாய் நொறுங்கும் அந்தத் தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்து, அந்த ரோட்டின் பள்ளம் மேடுகளைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்ப்பார். மதுரைக்கு எது வந்திருக்கிறது என்று நீங்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பீர்கள். வெளியூருக்குப் பேசும் டிரங்க் லைன் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மதுரை ஆபரேட்டர் பெண்ணைப் பிடித்து, "புதுசு என்ன வந்திருக்கு? ரெண்டு வரி பாடு பாப்போம்" என்பீர்களாம். அவள் பாடுவாளாம். திண்டுக்கல் வியாபாரிகளுக்குத் தெரியாமல் அந்தக் கம்பி வழியாக எத்தனை பாட்டு வந்து இறங்கியதோ!

உங்களிடம் நான் ரொம்ப மதித்தது உங்கள் காதைக்கூட அல்ல, அந்த மனசைத்தான். ஒரு வருஷம் சகாயம் ஒரு மாதா பாட்டைக் கொண்டு வந்தாள். "இது சாமி பாட்டு, இதப் போட்டிக்கு எப்படிச் சேக்குறது?" என்று ஜைத்தூன் கேட்டுவிட்டாள். இருவருக்கும் முகம் சிவந்துபோனது. நீங்கள் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டீர்கள். பிறகு உங்கள் தட்டை உறையில் போட்டு மூடினீர்கள். "நான் கொண்டாந்தது இதுக்குப் பக்கத்துல நிக்காது. இந்த வருசம் சகாயத்தோடதுதான்" என்றீர்கள். தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணனோ நேர் எதிர். அவர் கூட்டத்தில் உட்கார மாட்டார். ஆனால் வாசல்படியில் செருப்பு மாட்டுவதுபோல நின்று, "அவ பேச்சக் கேக்காதீங்கம்மா, நாஞ்சொல்ற பாட்டுதான் பாட்டு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு நிதானமாக, கனமாக இறங்கும் ஆண் குரல் வேண்டும். உங்களுக்குத் துள்ள வேண்டும். நீங்கள் இருவரும் போட்ட சண்டையெல்லாம் பாட்டுக்காகத்தான் என்று தெருவுக்கே தெரியும்.

ஒரு வருஷம் ஆடியில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பார்க்காத வைத்தியம் இல்லை. ஆவணி பிறக்கும் முன்பே போய்விட்டார்.

உங்கள் மாமியார் கிராமபோனை ஒரு வெள்ளைத் துணியால் மூடிப் பரண் மேல் ஏற்றச் சொன்னார். காரியம் முடிந்து நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் தெரு பேசியது. கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை என்று பேசியது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நிற்பீர்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

மார்கழி வந்தது. இந்த வருஷம் வேண்டாம் என்று நாங்கள் மூவரும் பேசி முடித்திருந்தோம். அதை உங்களிடம் சொல்வது யார் என்பதுதான் பாக்கி. ஒரு காலையில் நீங்களே கேட்டீர்கள். "வார ஞாயித்துக்கெழம தான? வந்துருங்க."

"அக்கா, வருசம் திரும்பலையே. அத்தை என்ன சொல்லும்?"

"அத்தைகிட்ட சொல்லிட்டேன். சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டேதான் வந்தோம். கிராமபோன் பரணிலிருந்து இறங்கியிருந்தது. மூடியிருந்த வெள்ளைத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். உங்கள் மாமியார் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜைத்தூனும் சகாயமும் நானும் ஆளுக்கொரு தட்டைப் போட்டோம். ஏனோதானோவென்று ரெண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொண்டோம். நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். "இதுக்கா வந்தீங்க? ஒழுங்காச் சொல்லுங்க" என்றீர்கள்.

அப்போதுதான் உங்கள் கொழுந்தன் வந்து வாசலில் நின்றார். அய்யலூர் சந்தையில் ஆட்டுத் தரகு பார்ப்பவர். அம்மாவைப் பார்த்துப் போக வந்தவர், உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மதினி இது? அண்ணன் போயி வருசம் திரும்பல. தெருவே வேடிக்க பாக்குது."

"உள்ள வாங்க தம்பி. உக்காந்து கேளுங்க. அப்பறம் பேசுவோம்."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? அம்மா, நீ கெளம்பு. என்கூட வந்துரு. இந்த வீட்டுல இனிமே நீ இருக்க வேண்டாம்."

மாமியாரும் போய்விட்டால் அந்த வீட்டில் நீங்கள் தனியாள். அதற்குப் பிறகு தெரு என்னென்ன பேசும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் மாமியார் மகனைப் பார்க்கவில்லை. உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருடா. அவ எதப் போடுறான்னு பாப்போம்."

நீங்கள் எதைப் போடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். அந்தச் சித்திரையில் வந்த ஒரு தட்டு அண்ணனுக்கு உயிர். கோடுகள் வெளுக்கும் வரை போட்டுக் கேட்டிருந்தார். நீங்கள் அதை எடுப்பீர்கள், நாம் எல்லோரும் அழுவோம், கொழுந்தனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

நீங்கள் எடுத்தது புதுத் தட்டு. டூட்டி முடிந்து வரும்போது ரேடியோ கடையில் வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததாம். ஊசியை மாற்றி, அதன் மேல் வைத்தீர்கள். ஒரு பெண் குரல் ஓடி வருவதுபோல வந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு கிளாரினெட். துக்க வீட்டில், மாலை போட்ட படத்துக்கு எதிரில், கேலியும் சிரிப்புமாக ஒரு துள்ளல் பாட்டு! எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொழுந்தன் முகம் கறுத்துவிட்டது.

பாட்டு முடிந்தது. நீங்கள் எப்போதும் சொல்வது போலவே சொன்னீர்கள். "ரெண்டாவது அடியில அந்தப் பொண்ணு மூச்சு வாங்குறத ஒளிக்கவே இல்ல. நெசமாவே ஓடி வந்து பாடுற மாதிரி இருக்கு. கிளாரினெட்டு முந்தப் பாக்குது, அவ விட மாட்டேங்கிறா. இந்த வருசத்துல இதவிட நல்ல பாட்டு வரல."

"எம்மகன் பாட்டு எங்க?" என்று கேட்டார் உங்கள் மாமியார்.

நீங்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர்கள். உங்கள் குரல் அப்போதுதான் முதன்முதலாக உடைந்தது.

"அதுவும் நல்ல பாட்டுதான் அத்த. ஆனா இதுதான் ஒசத்தி. அவரு இருந்திருந்தா இந்நேரம் சண்ட போட்டிருப்பாரு. இப்ப செத்துட்டாருன்னு நான் விட்டுக்குடுத்துட்டா, அப்பறம் அவருகூட நான் என்னதான் பேசுறது?"

உங்கள் மாமியார் நீட்டிய காலை மடக்கி நேராக உட்கார்ந்தார்.

"சண்டதான போடணும்? அவன் பக்கத்துக்கு நான் பேசுறேன். அந்தத் தட்டையும் போடு."

போட்டீர்கள். வெளுத்துப்போன கோடுகளில் ஊசி கரகரத்தது. அதுவரை பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிராத அந்த அம்மா, கையை நீட்டி நீட்டிச் சொன்னார். "இந்தா, இந்த எடத்துல கொரலு எறங்குது பாரு. சோத்துக்கு முன்னால உக்காந்து இத முணுமுணுப்பான். இந்த எடம் வந்தா கையி அப்படியே நின்டுரும். உருட்டுன சோறு வாய்க்குப் போகாது. ஒரு மனுசன் பசிய மறக்க வைக்கிது. ஒம் பாட்டு அப்படிச் செய்யுமா?"

"பசி மறக்குறது பெருசில்ல அத்த. எம் பாட்டக் கேட்டா பசி எடுக்கும்."

ஜைத்தூன்தான் முதலில் சிரித்தாள். பிறகு உங்கள் மாமியார் சிரித்தார். சிரிப்பு அழுகையானது. அழுகை ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி வழக்குத் தொடங்கியது. நீங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவரும் விடவில்லை. இரண்டு தட்டும் மாறி மாறி ஓடின. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வாசலில் ஒருவர் இருப்பது எங்களுக்கு நினைவு வந்தது. உங்கள் கொழுந்தன் படியில் உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, தப்பா நெனக்காத. எனக்கு மதினி பாட்டுதான் புடிச்சிருக்கு" என்றார். காப்பி குடித்துவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகும் தெரு பேசத்தான் செய்தது. ஆனால் உங்கள் மாமியாரே குழாயடிக்கு வந்து, "ஏன், எங்க வீட்டுல பாட்டுப் போட்டா ஒங்க காதுக்கு நோகுதா?" என்று கேட்ட பிறகு சத்தம் குறைந்தது. அடுத்த மார்கழியிலிருந்து அவரும் ஒரு தட்டோடு உட்கார்ந்தார், கண்ணை மூடும் வரை. ஒரு தடவைகூட நீங்கள் அவருடையதைச் சிறந்ததென்று ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் அப்படித்தான். ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே தட்டில் தின்று, அந்தச் சண்டையில் நீங்கள் இரண்டு பேரும் அண்ணனை வீட்டிலேயே வைத்திருந்தீர்கள்.

துக்கத்தில் நிமிர்ந்து நின்றவர்களை நான் வேறேயும் பார்த்திருக்கிறேன். துக்கத்திலும் பொய் சொல்லாமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நாளில் ஓர் எளிய பொய் உங்களுக்கு எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்திருக்கும். எல்லோரும் அதற்காகவே காத்திருந்தோம். பாட்டு விஷயத்தில்கூடப் பொய் சொல்ல முடியாத ஒருவரிடம் இத்தனை வருஷம் பழகியதில், எனக்கும் சில பொய்கள் வாயில் வராமலே போய்விட்டன. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என் மகள் பாடிய பாட்டை எல்லோரும் ஆகா என்றபோது, நான் மட்டும் "நடுவுல சுருதி எறங்கிருச்சு, கடைசி அடி நல்லா இருந்துச்சு" என்றேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். மகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வருகிற ஞாயிறு நம் கூட்டம். நீங்கள் இல்லாத முதல் மார்கழி. இந்தத் தடவை எல்லோரும் அக்காவுக்குப் பிடித்த பாட்டுகளையே கொண்டுவருவோம் என்று ஜைத்தூன் சொன்னாள். சகாயமும் சரி என்றாள். உங்கள் கொழுந்தன்கூட அய்யலூரிலிருந்து அதையேதான் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், அக்கா. இந்த வருஷம் நான் எடுத்து வைத்திருக்கும் பாட்டு நிதானமாக, இழுத்து, கனமாக இறங்குவது. உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதில் எந்த இடம் நன்றாக இருக்கிறதென்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். ஒப்புக்கொள்ளாதீர்கள்.