நீ சொன்ன ‘வரேங்க’

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பிரியமுள்ள மேரிக்கு,

உன் வீட்டுக்காரன் மரியதாஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலம். அங்கே நீ, நம் நிவேதா, மருமகன், பிறந்து இருபது நாள்கூட ஆகாத பேத்தி, நாலு பேரும் நலம் என்பதை உன் குரலிலேயே கேட்டுவிட்டேன். கூனிமேடு பஷீர் பாய் மஸ்கட் போய், அங்கிருந்து ரோடு வழியாக உங்கள் ஊருக்கு வருகிறார். போன் எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் அவர் கையில் இந்தக் கடிதம்.

எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் வேகவேகமாக எழுதுகிறேன் மேரி. எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே. முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் சண்டை வந்து, ஒன்பது நாள் உன் போன் செத்துக் கிடந்தது. டி.வி.யில் ஏவுகணையாகக் காட்டினான். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன புதன்கிழமை உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும்போது, நீ பேசி அனுப்பிய குரல் பதிவு என் போனில் வந்து விழுந்தது. “நாலு பேரும் நல்லா இருக்கோம். குழந்த பால் குடிக்குது. சத்தம் கேட்டா ஜெபமாலை சொல்றோம். சரி, வரேங்க.” அவ்வளவுதான்.

‘வரேங்க’ காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேரி வருகிறாள் என்று கத்தினேன். ஜிலேபி வாங்கி உப்பளம் முழுக்கக் கொடுத்தேன். ஏர்போர்ட்டுக்குக் கார் சொன்னேன். சுப்ராயனை விட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

நம் உப்பளத்து அஞ்சம்மாள்தான் ஜிலேபியைத் தின்றுகொண்டே எந்த ப்ளைட்டு என்று கேட்டாள். குரலை மறுபடி போட்டுக் காட்டினேன். “ஐய, மொதலாளி! அது போன வைக்கறப்போ சொல்றதுங்க. நானுந்தான் டெய்லி வேல முடிஞ்சு வரேன்னு சொல்லிட்டுப் போறேன். ப்ளைட்லயா போறேன்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளில் உப்பு விற்ற நாளிலிருந்து ஒருவன் சொன்ன சொல்லை மூன்று முறை தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. உன் ஒரு சொல்லில் விழுந்தேன்.

அன்று ஒரு கடிதம் எழுதினேன். குழந்தைக்கு பாஸ்போர்ட் வர நாளாகும், அதுவரை காத்திருக்காதே, மகளை மருமகன் பார்த்துக்கொள்வார், பாய் திரும்பும்போது நீ மட்டும் கிளம்பி வா என்று. பயந்தவன் எழுதிய கடிதம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் விண்ணேற்புத் திருநாள் பூசை. சாமியார் பிரசங்கத்தில், கடைசி இராப்போசனத்தில் இயேசு சீடர்களிடம் விடைபெற்றதைச் சொன்னார். அவர்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். தன் சமாதானத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, போய்த் திரும்பி வருவேன் என்றாராம். எனக்குச் சுரீர் என்றது. போயிட்டு வரேன்! ஆண்டவரும் நம் ஊர் ஆள் மாதிரிதான் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்! கோயிலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ராசம்மாள் அக்கா திரும்பி முறைத்தாள்.

எத்தனையோ பூசையில் கேட்டதுதான். அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. குண்டு விழாது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வருவேன் என்றார், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் விடியலில் அஞ்சம்மாள் கூடையோடு வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள், வராமல் இருந்ததில்லை. அவளை நம்பும் நான் ஆண்டவரை நம்பமாட்டேனா? நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன் மேரி. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் இருக்கும்போதே தூக்கம் வருகிறது, அதுதான் அதிசயம்.

முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நீ பிள்ளையோடு இரு. அவசரப்படாதே. பாஸ்போர்ட் வந்த பிறகு எல்லாரும் சேர்ந்து வாருங்கள். வெள்ளையடிப்பதை நான் நிறுத்தவில்லை. நிவேதாவுக்குத் தாய்ப்பால் ஊற, பால் சுறாக் கருவாடு பாய் பையில் இருக்கிறது. பேத்தி நெற்றியில் என் பெயரால் தினமும் ஒரு சிலுவை போடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை போன் கிடைத்தால், வேறெதுவும் பேச நேரமில்லாவிட்டாலும் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு வை.

பாய் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறார். ஆண்டவர் உங்கள் நாலு பேருக்கும் கூரையாக இருக்கட்டும்.

சரி மேரி, வரேன்.

உன்,
மரியதாஸ்