எஸ்தரின் ரெக்கார்டு

8-7-62, ஞாயிறு. விருதுநகர், காலேஜ் ஹாஸ்டல்

காற்று, புழுதி. தலைக்குக் குளித்தது வீண். மத்தியானச் சோற்றில் கல், இரண்டு.

அறைத்தோழி எஸ்தர் பாட்டுப்பெட்டி கொண்டுவந்திருக்கிறாள். நர்ஸாக இருக்கும் அவள் அக்கா வாங்கித் தந்ததாம். வார்டன் உத்தரவு: ஞாயிறு சர்ச் முடிந்து ஒரு மணி நேரம் மட்டும். இருப்பது ஒரே ரெக்கார்டு. பெரிய தட்டு, பக்கத்துக்கு மூன்று பாட்டு, வெறும் வயலின். பாட ஆளில்லாமல் என்ன பாட்டு என்று கேலி பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டில் வாய் மூடிவிட்டது. அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுதேன் என்றால் எஸ்தர் சிரிப்பாள்.

12-8-62, ஞாயிறு

பாடமெல்லாம் இங்கிலீஷில். பாதி புரியவில்லை. படிப்பை விட்டுவிட்டு வீட்டில் தீப்பெட்டி ஒட்டப் போய்விடலாம் என்று வாரத்துக்கு மூன்று தரம் தோன்றுகிறது. சரி, ஞாயிறு பாட்டுக் கேட்டுவிட்டுப் போவோம் என்று தள்ளிப்போடுகிறேன். இப்படியே ஆறு ஞாயிறு.

4-10-62. சிவகாசி

லீவு. அப்பாவின் முதலாளி வீட்டில் பாட்டுப்பெட்டி உண்டு என்றதும் எஸ்தர் ரெக்கார்டையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். "லீவுல நீயே வச்சுக் கேளுட்டி."

நேற்று பஸ்ஸில் மழை, உறையெல்லாம் ஈரம். இன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா, ஒட்டின தீப்பெட்டிகளோடு ரெக்கார்டையும் முற்றத்தில் காயப்போட்டுவிட்டாள். எங்கள் தெருவில் நனைந்தது எதுவானாலும் வெயிலுக்குத்தான் போகும். அப்பளமாய் நெளிந்து கிடக்கிறது.

"நனஞ்சிருந்துச்சு புள்ள. நல்லதுன்னுதானே செஞ்சேன்."

கத்திவிட்டேன். அம்மா சாப்பிடவில்லை. நானும்.

5-10-62

அப்பாவுக்கு, கல்லில் வரைந்து அச்சடிக்கிற லித்தோ ஆபீசில் வேலை. அவரிடம் எல்லாம் கொட்டினேன். எஸ்தர், ஞாயிறு, படிப்பை விட நினைத்தது, அத்தனையும். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அழாத தாயி. கல்லுக்குக் கீழ வச்சுப் பாப்போம்."

துணியில் சுற்றி, தீப்பெட்டி லேபிள் அடிக்கிற இரண்டு அச்சுக்கல்லுக்கு நடுவே வைத்திருக்கிறார். ஒரு கல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. இதில் எனக்காக இரண்டு கல் ஒரு வாரம் சும்மா கிடக்கப்போகிறது.

14-10-62, ஞாயிறு. ஹாஸ்டல்

நிமிர்ந்துவிட்டது! இரண்டு பக்கமும் முதல் பாட்டில் மட்டும் ஊசி குதிக்கிறது. மற்ற நாலும் சுத்தம்.

"ஊசி தேஞ்சிருச்சு போல" என்றாள் எஸ்தர்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இனி கேட்க விடமாட்டாளோ என்று பயம். கோழை.

12-5-68, ஞாயிறு. சாத்தூர்

வெயில் கொல்கிறது. மீன் (எஸ்தருக்கு). எலுமிச்சை. பத்தாம் வகுப்புப் பேப்பர் கட்டு, தொடவே இல்லை.

எஸ்தர் வந்தாள். அவளும் இப்போது டீச்சர். சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே இங்கே. கையில் பைபிள், அதே ரெக்கார்டு. என் சொந்தப் பெட்டியில் போட்டோம். இத்தனை வருஷம் கழித்தும் அதே இரண்டாவது பாட்டில் கண் துடைக்க முந்தானையைத் தேடினேன். பட்டம், வேலை, இந்த வாடகை வீடு, எல்லாம் அந்த ஞாயிறுகள் போட்ட பிச்சை.

மனசு கேட்கவில்லை. வெயிலில் காய்ந்த கதையைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும் ஏட்டி. உங்க அப்பா கார்டு போட்டிருந்தாக."

ஆறு வருஷம்! அப்பாவும் இவளும் மூச்சுக் காட்டவில்லை. கார்டு அவள் பைபிளுக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் குண்டுக் கையெழுத்து:

"தப்பு எங்களது. பிள்ளை மேல் கோபப்பட வேண்டாம். உன்கூட உட்கார்ந்து பாட்டுக் கேட்பதால்தான் அது படிப்பை விடாமல் இருக்கிறது. அதை மட்டும் நிறுத்திவிடாதே அம்மா."