மிஷினைத் திட்டிய கனகா அக்காவுக்கு

என் பிரியமான கனகா அக்கா,

பஸ் திரும்ப வரப்போகிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நீங்கள் கண் மூடிய கொஞ்ச நாளிலேயே, நம் அடுக்குமாடி வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஃபேக்டரி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏற ஆள் குறைவாம். பெண்கள் மழையிலும் மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனார்கள். நம்மோடு வேலை செய்யும் சுமதி சறுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். வேலையை விடுகிறேன் என்று அழுதாள்.

மேனேஜரிடம் பேச என்னைத் தள்ளிவிட்டார்கள். யார் தெரியுமா மேனேஜர்? டெக்னீஷியனாக வந்த புதிதில் உங்கள் டிபனில் பாதியைத் தின்ற அதே தம்பிதான். நான் பேசப் பேச அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்லா" என்றார்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் பின்னால் நின்றால் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். மிஷினைத் தட்டி, "ஏம்மா, உனக்குக் கண்ணு இல்லையா? பிள்ளைங்க காலையிலருந்து நிக்குதுங்க, ஒரு வாய் தண்ணி குடிக்க விட மாட்டியா?" என்பீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு டீ பிரேக் விடுவார்.

நான் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினேன். "கனகாக்கா, கேட்டீங்களா? நம்ம பஸ்ஸ நிறுத்திட்டாங்க. உங்க டிபன்ல சாப்பிட்ட தம்பி ஒண்ணு இருந்துச்சே, அது இருந்தா இப்படி விட்டிருக்குமா? இப்ப எங்க இருக்கோ, பாவம்."

அவர் போனைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை அக்கா, நாற்காலியைத்தான் பார்த்தார். "திங்கக்கிழமை பஸ் வரும்கா. போதுமா?"

வெளியே வந்து சுமதியும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி கார்டு ஓடி வந்துவிட்டார்.

தமிழ் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் மகள், நாம் சாடை என்று சொல்வதற்கு ‘முன்னிலைப் புறமொழி’ என்று பெயர் சொன்னாள். எதிரில் இருப்பவருக்குச் சொல்லவேண்டியதை வேறு யாரிடமோ சொல்வதாம். மேடையில் நிலவைக் கூப்பிடுவதும், இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் இதற்கு உறவுதானாம். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர்களுக்குக் கேட்காது, சுற்றி இருப்பவர்களுக்குத்தான் கேட்கும் என்றாள். மிஷினுக்குக் கேட்காது, சரி. உங்களுக்குமா?

அடுத்து கேண்டீன் விசிறி, சுற்றி மாதக்கணக்காகிறது. திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்கள் மிஷினைத் தட்டி நானே ஆரம்பிக்கிறேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

என்றும் உங்கள் தங்கச்சி,
பக்கத்து மிஷின்காரி