கட்டிய மாதம் முடியும்வரை

பாலாவி
12.01.2025

அன்பு மச்சான் றஸீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் என் தங்கை ஸஃப்னாவும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் தனிக்கட்டை. நேற்றைய கறியை இன்றும் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு குறையில்லாமல் இருக்கிறேன்.

நமது ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்கு நீங்கள் அனுப்பிய கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. சந்தியில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் றிப்தி பூட்டித் தந்தான். சீமெந்து லொறிகள் கிளப்பும் தூசு படாமல் உடுத்திக் கழித்த பழைய சாரத்தால் மூடி வைத்திருக்கிறேன். எல்லாம் சரி, ஒரு மனத்தாங்கல் மட்டும். கடிதம் எழுதும் மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்டவேண்டுமாமே? அது உங்கள் கார்ட்டிலிருந்து போகிறது என்று றிப்தி சொன்னான். இது என்ன வியாபாரம்? கதிரை வாங்கினால் கதிரை நம்முடையது. மாதம் பிறந்ததும் கடைக்காரன் வந்து எழும்பச் சொல்வதில்லை. பழைய கொம்பியூட்டரில் இருந்ததை ஒரேயடியாக வாங்கினோம். அது கடைசிவரை வாய் திறக்காமல் உழைத்தது.

இது வாய் திறக்கிறது, மச்சான். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரில் ஒருவர் இறந்தால், அவருடைய வபாத் அறிவித்தலை அச்சடித்துப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியதும், பெயரையும் ஊரையும் மட்டும் அழித்துவிட்டு, அடுத்ததற்கு ஆயத்தமாக வைத்துவிடுவேன். அடக்கவேண்டிய மையத்தைக் காக்கவைக்கக் கூடாதல்லவா? இப்போது அந்த வெற்றிடத்தைத் திறந்தாலே சாம்பல் நிறத்தில் ஒரு பெயர் தானாக வந்து நிற்கிறது. இன்று நின்றது விறகுக்கடை ஸியாத்தின் பெயர். மனிதன் சற்று முன்தான் என் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டுப் போனான். இந்தத் தொல்லையை எப்படி நிறுத்துவது?

துஆவுடன்,
ஹயாத்து முகம்மது


ஹரோ, லண்டன்
14.01.2025

மதிப்புக்குரிய செயலாளர் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஸஃப்னா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கொட்டிப்போனது. “எங்கட நானா இன்னும் மாறவே இல்ல” என்று உங்களைத்தான் சொல்கிறாள்.

அது பேயுமில்லை, ஜின்னுமில்லை. நாம் அடுத்து என்ன எழுதுவோம் என்று ஊகித்துச் சொல்லும் வசதி அது. உங்கள் பழைய கோப்புகளை வாசித்திருக்கும். அங்கத்தவர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கிறதே. சரியான பெயர் என்றால் இடப்பக்க ஓரத்துக் கீயை அழுத்துங்கள், சாம்பல் கறுப்பாகிவிடும். இல்லாவிட்டால் அதன்பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

சந்தாவைப் பற்றி நீங்களா முறைப்பாடு வைப்பது? வீடு வீடாகப் போய் மாதாமாதம் சந்தா வாங்குகிறீர்கள். ஆள் உயிரோடு இருக்கும்வரை அதற்கு என்ன கொடுக்கிறீர்கள்? ஒரு மிட்டாய்கூட இல்லை. என் கம்பனி பரவாயில்லை, கட்டிய அன்றே வேலை செய்கிறது. சந்தா என்றால் எப்போதும் புதியது இருக்கும். வாங்கியது வாங்கிய அன்றே கிழடாகிவிடும், நம்மைப்போல.

அன்புடன்,
றஸீன்


பாலாவி
24.02.2025

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நெருங்குகிறது, மனம்தான் ஒரு நிலையில் இல்லை. இதை றிப்தியின் கடையிலிருந்து அடிக்கிறேன்.

ஸியாத் மௌத்தாகிவிட்டான். உங்கள் கடிதம் வந்த மறுநாள் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியை வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தானாம். நான் அறிவித்தல் அடிக்க உட்கார்ந்தபோது பெயர் அங்கே ஆயத்தமாக நின்றது. கீயை அழுத்தினேன், கறுப்பானது. எனக்கு வேலையே இல்லை. பலகையில் ஒட்டிவிட்டு வந்து வழக்கம்போல் பெயரை அழித்தேன். அந்த இடத்தில் உடனே சித்தி லெய்லா ரீச்சரின் பெயர் வந்து நின்றது.

நான் அழுத்தவில்லை. கொம்பியூட்டரை அணைத்து வயரையும் கழற்றினேன். மனம் கேட்காமல் அவருடைய வீட்டுக்குப் போனேன். கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “என்ன ஹயாத்து, சந்தாக்கா வந்தீங்க? நான் போன மாசமே கட்டிட்டனே” என்றார். பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை அவரை மையவாடியில் அடக்கினோம்.

நீங்கள் கேலியாகக் கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். சந்தா கட்டாதவனையும் நாம் அடக்கத்தான் செய்கிறோம், மச்சான். எந்த மையத்தையும் வாசலில் போட்டுவிட்டு வந்ததில்லை. எனக்கு அந்தப் பழைய மாதிரி மென்பொருள் ஒன்றை ஒரேயடியாக வாங்கி அனுப்புங்கள். நான் அடித்தது மட்டுமே அதற்குத் தெரிந்தால் போதும். இப்போது யாருடைய பெயர் நிற்கிறதோ தெரியாது. நான் திறக்கவில்லை.

ஹயாத்து முகம்மது


ஹரோ
26.02.2025

அன்பு மச்சானுக்கு,

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ரீச்சர் எனக்கும் படிப்பித்தவர். கேட்டதிலிருந்து கவலையாக இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சங்கத்து அங்கத்தவர்களில் பாதிப்பேர் முதியவர்கள். ஏதோ ஒரு பெயரைக் காட்டிக்கொண்டே இருந்தால் எப்போதாவது பொருந்தத்தானே செய்யும்? நீங்கள் தனியாக இருப்பதுதான் பிரச்சினை. மனைவி மௌத்தானபிறகு வீட்டில் கதைக்க ஆளில்லாமல் இயந்திரத்தோடு கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள். பெருநாள் முடியட்டும், நீங்கள் கேட்டதையே வாங்கி அனுப்புகிறேன். அதுவரை கையால் எழுதி ஒட்டுங்கள்.

றஸீன்


பாலாவி
17.04.2025

மச்சான்,

இதைக் கையால் எழுதி, படம்பிடித்து அனுப்புகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நோன்பு முழுக்க அல்லாஹ் காப்பாற்றினான், ஊரில் ஒரு மௌத்தும் இல்லை. இன்று மாதாந்தக் கூட்டத்துக்கு அழைப்பு அடிக்கவேண்டியிருந்ததால் கொம்பியூட்டரைத் திறந்தேன். அறிவித்தல் தானாகவே முன்னால் வந்தது. அதில் இப்படி நின்றது: “எருக்கலம்பிட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டனை வசிப்பிடமாகவும் கொண்ட றஸீன் அவர்கள் வபாத்தானார்.”

பழைய கோப்புகளைப் பார்த்து ஊகிக்கிறது என்றீர்கள். லண்டனை வசிப்பிடமாகக் கொண்ட எவருக்கும் நான் இதுவரை அறிவித்தல் அடித்ததில்லை. நீங்கள் நம் சங்கத்தில் அங்கத்தவரும் இல்லை. சந்தாவை உடனே நிறுத்துங்கள். சுகமாக இருக்கிறீர்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

ஹயாத்து


ஹரோ
18.04.2025

அன்பு மச்சானுக்கு,

கேலி செய்ததற்கெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் சுகமாக இல்லை. ஸஃப்னாவுக்குக்கூட இன்னும் தெரியாது. பெருநாள் அன்று தொழுதுவிட்டு வரும்போது நெஞ்சை இறுக்கியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைபட்டிருக்கின்றன. இருபத்து நான்காம் திகதி சத்திரசிகிச்சை. என் இதயம் பலவீனமாம், எழும்புவேனா என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. இந்த உலகத்தில் எனக்கும் வைத்தியருக்கும் மட்டும் தெரிந்த விடயம் இது. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பவும் வாசித்தேன்.

சந்தாவை உடனே நிறுத்தினேன். கம்பனியிலிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. ஏற்கெனவே கட்டிய மாதம் முடியும்வரை எல்லா வசதிகளையும் பாவிக்கலாமாம். மாதம் முடிய முன்னரே என் நாள் வந்துவிடும். பயமாக இருக்கிறது, மச்சான். மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் பேசவில்லை. எனக்கு ஒன்று நடந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

றஸீன்


பாலாவி
21.04.2025

அன்பு மச்சான் றஸீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் கொம்பியூட்டரிலேயே அடிக்கிறேன். இனி அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸஃப்னா கைம்பெண்ணாக வெள்ளை உடுத்தி இத்தா இருப்பதை நினைத்துப் பார்த்தேன், தாங்க முடியவில்லை. ளுஹர் தொழுதுவிட்டு வந்து அறிவித்தலைத் திறந்தேன். உங்கள் பெயர் அப்படியே நின்றது. என்ன நினைத்தேனோ, முன்னால் வேறொரு எழுத்தை அடித்துப் பார்த்தேன். பெயர் மாறியது!

சந்தோசத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகுதான் மாறி வந்த பெயரை வாசித்தேன். முஃபீதா. பாங்கு சொல்லும் மோதினாரின் மகள், தலைப்பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள். உடனே அழித்தேன். உங்கள் பெயர் திரும்பவும் வந்தது. இன்னொரு எழுத்தை அடித்தேன், நஃபீஸா என்று வந்தது. இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை. அதையும் அழித்தேன். எந்த எழுத்தை அடித்தாலும் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அவர்களுடைய எழுத்தை அடிக்க நான் யார்?

எனக்கு உரிமையுள்ள எழுத்து ஒன்றுதான் இருந்தது. அதை அடித்தேன். ஹயாத்து முகம்மது என்று முழுப்பெயரும், ‘சங்கச் செயலாளர்’ என்ற பதவியும் சேர்ந்து வந்து நின்றன. மரியாதை தெரிந்த மென்பொருள்தான், சந்தா கட்டியது வீண்போகவில்லை. ஓரத்துக் கீயை அழுத்தினேன். கறுப்பானது. புதிதாக ஒரு வெற்றிடத்தைத் திறந்து பார்த்தேன். உங்கள் பெயருமில்லை, எவர் பெயருமில்லை.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்கவில்லை. அஜல் என்ற மரண நேரம் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, இந்தப் பைத்தியத்தை விட்டுத் தவ்பா செய்து மன்னிப்புக் கேள் என்பார். அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். அப்படியென்றால் நான் செய்ததும் ஒரு பெயரை அடித்தது மட்டும்தானே?

பிஸ்மி சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்குப் பிறகு வரும் செயலாளருக்கு அந்தப் பழைய மாதிரியே ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஸஃப்னாவிடம் இதைச் சொல்லவேண்டாம். சின்ன வயதிலிருந்தே அவள் எதற்கெடுத்தாலும் அழுபவள்.

என்றும் துஆவுடன்,
ஹயாத்து முகம்மது


ஹரோ
24.04.2025

மச்சான்,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். சத்திரசிகிச்சை நடக்கவில்லை.

காலையில் ஆயத்தம் செய்யுமுன் கடைசியாக ஒரு படம் எடுத்தார்கள். வைத்தியர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். வேறு ஆளின் படம் கலந்துவிட்டதா என்று தாதியைக் கேட்டார். திரும்பவும் எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஸஃப்னாவிடம் நேற்றுத்தான் நோயைச் சொல்லியிருந்தேன். இப்போது அவள் அழுகிறாள், சிரிக்கிறாள், தாதிமாரைக் கட்டிப்பிடிக்கிறாள். முதலில் உங்களுக்குத்தான் சொல்லவேண்டும் என்று என் போனைப் பறித்தெடுத்தாள். உங்கள் கடிதம் அதில்தான் இருக்கிறது. அவள் அதைத் திறக்கவில்லை.

போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, மச்சான், நீங்கள் எடுக்கவில்லை. நான் றிப்திக்கும் அழைத்துப் பார்த்தேன், அவனும் எடுக்கவில்லை. எடுங்கள். திட்டுவதற்காகவாவது எடுங்கள்.

“நானா அஸருக்குப் பள்ளிக்குப் போயிருப்பாரு, வந்தோடன எடுப்பாரு” என்று சொல்லிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் எனக்கு முன்னாலேயே நிற்கிறாள். நான் இவளுக்கு என்ன சொல்ல?

றஸீன்