பாப்பாவின் சைக்கிள் கண்ணாடி

பாப்பாவுக்கு,

சைக்கிள் பந்தயத்துக்கு நீ போட்டுக்கொண்டு போகும் பவர் கூலிங்கிளாஸ் இங்கேயே கிடந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல். மாற்றலாமென்று கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"பழைய மாடல் சார், வளைஞ்ச ஃப்ரேம். புது லென்ஸ் போடறப்ப உடைஞ்சாலும் உடையலாம்," என்றார் கடைக்காரர். "சரி, பொண்ணுக்கு இப்ப என்ன பவர்?"

உன் கல்யாணத்துக்கே வராதவனுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து, சும்மா கேட்பதுபோல உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டே கால். போன மாசந்தான் கூடிச்சு," என்றாள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது அப்போதுதான் தெரிந்தது. நான் கத்துவேனென்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"நல்லாயிருக்காளா?" என்று மட்டும் கேட்டேன். அதை என்றோ உன்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

ஃப்ரேம் உடையவில்லை. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டுவரட்டுமா?

அப்பா