ஏழு சீட்டிலும் ஒரே வார்த்தை

அனுப்புநர்:
சேனாதிபதி, வயது 72,
காலஞ்சென்ற மலைச்சாமி குமாரன்,
முன்னாள் நாற்காலி தூக்கி,
செண்பகனூர், கொடைக்கானல் மலை.

பெறுநர்:
கனம் டிப்டி கலெக்டர் அவர்கள்,
முகாம்: கொடைக்கானல்.

பொருள்: என் மருமகள் சண்முகவள்ளிக்குக் குடும்ப யோக்கியதைப் பத்திரம் மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒலியுல்லா எழுதுகிறார். பங்களாக்களுக்குச் சரக்கு அனுப்பிப் பழகியதில் இங்கிலீஷ் கடிதம் வாசிக்கக் கூடியவர். என் பேச்சைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1. என் ஒரே மகன் தங்கமுத்து மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் இறந்தான். அவன் மனைவி சண்முகவள்ளிக்கு வயது இருபத்து நான்கு. பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவள். மதுரையில் மருத்துவச்சி பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதம் 14-ஆம் தேதி திங்கட்கிழமை அவள் அங்கே ஆஜராக வேண்டும். ‘ரெஸ்பெக்டபிள்’ குடும்பத்துப் பெண் என்று ஒரு பத்திரமும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

2. சென்ற வியாழக்கிழமை, பத்திரம் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாவிடம் போனேன். நாற்பது வருஷம் இந்த மலையில் துரைமாரை நாற்காலியில் வைத்துத் தூக்கியவன் நான். மோட்டார் ரோடு வரும்வரை அடிவாரத்திலிருந்து மேலே வர வேறு வழி கிடையாது. தூக்கிய துரை ஊர் திரும்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்துத்தான் அடுத்த துரை ஆளை வேலைக்கு எடுப்பார். அப்படி என்னிடம் ஏழு சீட்டு உண்டு. மூங்கில் குழாயில் போட்டு, மழை படாமல் வைத்திருந்தேன். குடும்ப மரியாதைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைத்து அவற்றைக் கொடுத்தேன்.

3. குமாஸ்தா ஏழையும் வாசித்துவிட்டு, டவாலி சேவகனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘ஏலே கெழவா, நீ துரைமாருக்கு மரியாதை குடுத்தேன்னுதான்டா இதுல கெடக்கு. ஒனக்கு மரியாதை உண்டுன்னு ஒரு துரையாவது எழுதியிருக்கானா? ஏழு பேரும் ஒரே வார்த்தைய எப்பிடிடா எழுதுவாங்க? எவன்ட்ட காப்பி அடிச்சு வாங்குன?’ என் வயதுக்கு அவர் பேரன் மாதிரி. அப்படியும் ‘சரிங்க’ என்று சொல்லித்தான் நின்றேன். குடும்ப மரியாதை நிரூபணமாகவில்லை என்று எழுதி, மனுவைத் திருப்பிவிட்டார்.

4. நேராக ஒலியுல்லா கடைக்கு வந்து சீட்டுகளை அவர் முன்னால் போட்டேன். அவர் வாசித்துவிட்டு, குமாஸ்தா சொன்னது நிஜம்தான் என்றார். ஏழிலும் இருப்பது ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’. அதாவது அடக்கமானவன், பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்பவன். ‘ரெஸ்பெக்டபிள்’ என்றால் அவனைக் கண்டு மற்றவர் எழுந்திருப்பார்களாம். ‘ரிகார்ட்’ என்று ஒன்று, ஆள் போன பிறகும் அவனை நினைப்பில் வைத்திருப்பது. ‘எஸ்டீம்’ என்று இன்னொன்று, ஒருவனைக் கூடவே இருந்து பார்த்து, இவன் நல்லவன் என்று மனசுக்குள் உயர்த்தி வைப்பது. இத்தனை இருக்கும்போது எனக்கு ஏழு தடவையும் முதல் ஒன்றுதானா என்று கேட்டேன். அவர் சீட்டுகளைச் சுருட்டிக் குழாயில் போட்டார். நான் அவர் கடை அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

5. ஏழிலும் ஒரே வார்த்தை வந்ததற்குக் காரணம் நான். காப்பி அடித்ததாக என் மேல் பழி இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். முதல் சீட்டு சர்வே துரை கொடுத்தது. அவருடைய பட்லர் வாசித்துப் பார்த்து, ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டி, ‘மரியாதைன்னு போட்டிருக்காருடா, பத்திரமா வச்சுக்க’ என்றான். மரியாதை என்றால் எனக்கென்றுதானே நினைப்பேன். அந்த வார்த்தையின் உருவத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டேன். ஒற்றைக் கால் நீட்டிய எழுத்தில் தொடங்கும், நட்ட குச்சி போல் முடியும். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு துரையிடமும் அந்தச் சீட்டை நீட்டி, இதே வார்த்தை போடுங்க என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர்களும் போட்டார்கள்.

ஐந்தாவது சீட்டு ஒரு துரைசானியம்மாள் கொடுத்தது. அவர் பிள்ளைக்கு ஜுரம் கண்டு நினைவு தப்பியிருந்தது. ஐப்பசி மழை. மற்ற ஆட்கள் இறங்க மாட்டோம் என்றதால், பிள்ளையைக் கம்பளியில் சுற்றி என் முதுகில் கட்டிக்கொண்டு நான் ஒருவனே அடிவாரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் இறங்கினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த அம்மாள் ஊருக்குப் போகும்போது பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். நான் முழுவதும் தேடினேன். என் வார்த்தை அதில் இல்லை. திருப்பிக் கொடுத்து, பழைய சீட்டைக் காட்டினேன். ‘சேனாதிபதி, நீ கேக்கறது சின்ன வார்த்தை’ என்று தமிழிலேயே சொன்னார். ‘சின்னதா இருந்தாலும் எனக்கு அதுதாங்க வேணும்’ என்றேன். அவர் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் கேட்டதை எழுதித் தந்தார்.

கிழித்த காகிதத்தில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வியாழக்கிழமை முதல் அதே நினைப்பாக இருக்கிறது.

6. இது என் முட்டாள்தனம். ஐயா அவர்கள் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தச் சீட்டுகள் எல்லாம் நாற்காலி தூக்கினவனைப் பற்றியவை. துரைமார் எவரும் என் வீட்டுக்குள் வந்தவர்கள் இல்லை. சண்முகவள்ளியை அவர்கள் கண்டதே கிடையாது. நான் குனிந்ததை வைத்து அவளை எப்படி அளக்கலாம்?

அவளை அறிந்தவர்கள் செண்பகனூரில் இருக்கிறார்கள். விறகு வியாபாரி சேக் பரீது வீட்டில் சென்ற பங்குனியில் பிரசவம். பிள்ளைக்குக் கால் முன்னால் வந்துவிட்டது. டாக்டர் வந்து சேரும்வரை சேக் பரீதின் இளைய மனைவி மரியம் பீவியைக் கையில் தாங்கி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவள் சண்முகவள்ளி. சேக் பரீதுக்கு அறுபது வயதிருக்கும். இன்றைக்கும் அவள் தெருவில் போனால் எழுந்து நின்று, ‘வாங்கம்மா, வெயில்ல போறீங்களே, செத்த உக்காந்து போங்க’ என்கிறார். தாலி அறுத்த பெண் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர் இது. அதே ஊரில் பிரசவ வலி கண்டால் முதலில் அவளுக்குத்தான் ஆள் வருகிறது. ஒலியுல்லா சொன்ன நாலு வார்த்தையில் இது எதில் சேரும் என்று ஐயா அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

7. ஆகையால் அந்த ஏழு சீட்டுகளையும் இத்துடன் வைக்கவில்லை. குமாஸ்தாவின் குறிப்பை ரத்து செய்து, சேக் பரீதையும் மரியம் பீவியையும் விசாரித்து, 12-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் பத்திரம் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். அன்று காலை மோட்டாரில் அவளுக்கு இடம் சொல்லியிருக்கிறது. பெட்டியும் கட்டி வைத்துவிட்டாள்.

பத்திரம் ஏன் இன்னும் வரவில்லை என்று தினமும் என்னைக் கேட்கிறாள். குமாஸ்தா லீவில் இருக்கிறார் என்று சொல்லி வருகிறேன். உள்ள காரணத்தை அந்தப் பெண்ணிடம் என் வாயால் சொல்ல முடியாது. அதைச் சொல்லும்படி நேராமல் ஐயா அவர்கள் காப்பாற்ற வேண்டும்.

இடம்: செண்பகனூர்
தேதி: 7-6-1926

இப்படிக்கு,
சேனாதிபதி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொன்னபடி எழுதி, வாசித்துக் காட்டியவன்: ஒலியுல்லா, மளிகை வியாபாரி.